வள்ளத்தில் பிறந்தவளின் குறிப்பு

நெடுந்தீவுக் கலியாணத் தரகர் பரமலிங்கம், பொய் சொல்லத் தெரியாத மனிசன். பெடியனுக்கு மயிர் கொட்டுதெண்டால் கொட்டுதெண்டு சொல்லிப்போட்டுத்தான் பெண் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார். மற்றத் தரகர்மார் மாதம் நாலு கலியாணம் ஒப்பேற்ற, இவருக்கு வருசத்தில் இரண்டு சரிவந்தால் பெரிய காரியம்.

அந்த மனிசனுக்குச் சொந்த மகளாலேயே சோதனை வந்தது. கஜானிக்கு முப்பது நெருங்குது. சாதகக் குறிப்பில் எட்டில் செவ்வாய், கட்டுறவனுக்கு ஆகாதாம். அதைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அடுத்த வள்ளத்திலேயே திரும்பிவிட்டார்கள்.

போட்டித் தரகன் சதீசன் கொம்பியூட்டரோடு வந்து பரமலிங்கத்தின் மனைவி மனோகரியைப் பிடித்தான். பிறந்த நேரத்தைப் பத்து நிமிசம் முன்னுக்குத் தள்ளினால் செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விடும், குற்றமும் போய்விடும் என்றான். மண்கும்பானில் சயந்தன் என்று ஒரு பெடியனாம், கச்சேரியில் அரசாங்க உத்தியோகமாம், செவ்வாய்க் குற்றமே இல்லாத சாதகமாம்.

பரமலிங்கம் மாட்டேனென்றார். மனோகரி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கேட்டாள்:

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை நடுக்கடலிலை பெத்தனான். அங்கை ஆர் மணிக்கூடு பார்த்தது?"

"நான் பார்த்தனான். வள்ளத்திலை இருந்த நாப்பது பேரும் பார்த்தவை. உமக்குத்தான் பார்க்க ஏலாமல் கிடந்தது."

ஆனாலும் மண்கும்பானார் வந்த அன்று, சதீசன் அடித்துத் தந்த குறிப்பைத்தான் மனோகரி மாப்பிள்ளையின் தாயிடம் நீட்டினாள். பரமலிங்கம் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தார். கஜானி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். அவருக்கு அவளைப் பார்க்கவும் ஏலவில்லை, பாராமல் இருக்கவும் ஏலவில்லை. மாப்பிள்ளையின் தாயிடம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தக் குறிப்பு பிழை. பிள்ளைக்கு எட்டிலை செவ்வாய்."

மனோகரி கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய் எழும்பவில்லை. சேலைத் தலைப்பைத் திருகித் திருகி இருந்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"எங்கடை பெடியனுக்கும் எட்டிலைதான் அண்ணை. சதீசன்தான் கால் மணித்தியாலம் தள்ளி எழுதித் தந்தவன்."

செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்ந்தால் குற்றமில்லையெண்டு ஊர்ச்சனம் அதைத் தேடித் தீவு தீவாய் அலையுது. இந்த இரண்டு வீடும் கையிலிருந்த செவ்வாயை ஒளித்துவைத்துக்கொண்டு எதிரெதிரே முழிசிக்கொண்டு இருந்திருக்குதுகள். முதலில் சிரித்தவள் கஜானி.

உடனே நாள் பார்க்கிற கதை தொடங்கியது. பரமலிங்கத்துக்கு உசார் வந்துவிட்டது. கோபம் வந்தால் பிள்ளை இரண்டு நாளைக்கு அடுப்பு மூட்டாள், அதையும் சொல்லிவிடுவம் என்று கதிரையை முன்னுக்கு இழுத்தார். மனோகரி அவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தேங்காய் திருவ இருத்திவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.