காலால் வாசித்த பேஸ்

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் ஒரு பழைய பேஸ் சிந்தசைசர் வாங்கி வந்தான். மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டல் தன் பழைய சாமான்களைத் தள்ளிவிட்டபோது கிடைத்தது. பார்க்க இரும்புப் பெட்டி. முன்னால் பதிமூன்று கட்டைகள், ஹார்மோனியத்தில் இருப்பதைப் போல; ஆனால் ஒவ்வொன்றும் மிதிக்கிற அளவுக்குப் பெரியது. பாட்டுக்கு அடியில் முழங்கும் கனத்த சுரங்களை, தரையில் வைத்துக் காலால் வாசிக்க வேண்டிய கருவி அது.

அண்ணனின் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஒரு கல்யாண விருந்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டாகிவிட்டது, மூன்று வாரம்தான் இருந்தது. தன் கை கித்தார் வாசிக்கும், கால் பேஸ் வாசிக்கும் என்று அண்ணன் நினைத்திருந்தான். எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. ஐந்து வருடமாக குருபோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர்கள் ஒத்திகை பார்க்க, நான் மூலையில் தையல் மிஷினோடு உட்கார்ந்து அவர்களுக்கே சட்டை தைத்தேன். எல்லாப் பாட்டின் பேஸும் எனக்கு மனப்பாடம். அந்தக் குழுவில் எனக்கு ஓர் இடம் வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள்.

பெட்டி வந்த அன்றே அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டிவிட்டார். வந்தது வினை. பொட்டு வைத்த வாத்தியத்தை எவன் மிதிப்பான்?

"சரஸ்வதி லா அது," என்று அண்ணன் அதை மேசைமேல் தூக்கி வைத்தான். ஒரு வாரம் குழுவின் கீபோர்டுகாரர் கட்டைகளை முஷ்டியால் குத்தினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் கால் பாரத்துக்குப் போட்டது. கையால் குத்தினால் சுரம் பிந்தி வந்தது, தபேலாவோடு சேரவே இல்லை. போதாததற்கு அந்தப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். முஷ்டி பக்கத்துக் கட்டையிலும் பட்டால் வேண்டாத சுரம் முந்திக்கொள்ளும். மாடு கத்துவது தேவலை.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, ஆயுத பூஜைக்கு என் தையல் மிஷினுக்கும் நீங்கதானே பொட்டு வச்சீங்க? வருஷம் பூரா அத மிதிக்கிறேனே. அப்ப ஒண்ணும் சொல்லலையே."

அம்மா பெட்டியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "அப்ப தொட்டுக் கும்புட்டுட்டு மிதிங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணன்தான் முதலில் முயன்றான். கித்தாரைக் கவனித்தால் கால் மறந்தது, காலைக் கவனித்தால் கை நின்றது. அரை மணி நேரத்தில் வியர்த்துப் போய் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வேணா பாக்கவா?" என்றேன். தொட்டுக் கும்பிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வெறுங்காலை வைத்தேன். தையல்காரியின் காலுக்கு எப்போது அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கித்தாரில் சுரம் தட்டியதும் தேய்ந்துபோகும். இதில் காலை எடுக்கும்வரை நின்று முழங்கியது. அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. அந்த ஒலி பாதத்தில் ஏறி வயிற்றில் உட்கார்ந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"இந்த ஒரு விருந்துக்கு மட்டும்," என்றான் அண்ணன்.

மஸ்ஜித் தானா மண்டபத்தில் பகல் வெக்கைக்குப் பெட்டியின் சுருதி நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் குமிழைத் திருகிச் சேர்த்துக்கொண்டேன். ஒரு அடிகூடத் தவறவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது, செர்காமிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் அண்ணனிடம், தங்கள் கோயில் திருவிழாவுக்கு வாசிக்க வர முடியுமா என்று கேட்டார். யாரையும் கேட்காமல் தலையாட்டிவிடுகிறவன் அவன்.

"நான் மட்டும் சொல்ல முடியாது மாமா," என்றான். "பேஸ் ஆளக் கேக்கணும் லா."

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வர்றோம்னு சொல்லுண்ணே," என்றேன்.