கூட இருக்க ஆள் அனுப்பியவர்

காலையில் ஆபீஸைப் பெருக்கித் துடைத்த பிறகு, துடைப்பம் வைக்கிற சின்ன அறையில் நின்று நான் கும்பிடுவது வழக்கம். அங்கே அட்டைப் பெட்டிகள் குவிந்து கிடந்ததால் ஒருக்களித்துத்தான் நிற்க முடியும். ஒருநாள் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டிகூட இல்லை. எல்லாம் தம்பியின் மேஜைக்கு அடியில் இருந்தன. அவர் காலை மடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் நேராக நின்று கும்பிட்டேன்.

தம்பிதான் முதலாளி. வயது முப்பதைத் தொடவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகும் வயதானவர்களோடு கூட இருக்க ஆள் அனுப்புவது அவர் கண்டுபிடித்த தொழில். போனில் பதிந்தால் ஒரு பெண் வாசலுக்கே வந்து, கைபிடித்துக் கூட்டிப்போய், டாக்டர் சொல்வதையெல்லாம் கேட்டு, வீட்டில் கொண்டுவந்து விடும். ஆரம்பத்தில் அவரே போய் உட்கார்ந்திருக்கிறார்.

வளர்வதற்குப் பணம் வேண்டும். பணம் போடுகிறவர்களிடம் பேசுவதற்கு முன்னால் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்கதான் பணம் போடுறவர். உட்காருங்க."

அவர் பேசப் பேச நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

"ஐயோ, தலையாட்டாதீங்கக்கா! போனைப் பாத்துக்கிட்டே இருங்க. நடுவுல ஒரு கொட்டாவி விடுங்க. அவங்க அப்படித்தான்."

கொட்டாவி எனக்கு நிஜமாகவே வந்தது. அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

பணம் வந்தது. போட்டவரை நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். "லாபமெல்லாம் அப்புறம். எத்தனை ஊர்ல இருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்பது அவர் பேச்சு. ஊர் ஊராகத் திறந்தார்கள். ஆள் பிடிப்பதற்காக முதல் தடவை இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. ஆனாலும் வந்த கணக்கு வந்த கணக்குதானே, அதைக் காட்டி அடுத்த பணம் வாங்கினார்கள். ஒவ்வொரு தடவை வாங்குவதற்கும் 'ரவுண்டு' என்று பேர்.

திங்கட்கிழமைதோறும் எல்லோரும் கூடி, வாடிக்கையாளர்கள் எழுதியதை உரக்கப் படிப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் படித்தான்: "பெண் தங்கமானவள். ஐந்து நட்சத்திரம். அடுத்த தடவை என் மகனை அனுப்பவும்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "பெரியவர் குசும்பைப் பாரு!" என்றான் ஒருவன். தம்பியும் சிரித்துவிட்டு எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழ்ப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இந்த ரவுண்டு பணம் வந்துடட்டும். நானே வர்றேன்."

"போன தடவையும் ரவுண்டுதான் சொன்ன. நீ கம்பெனி நடத்துறியா, குத்துச்சண்டை போடுறியா?"

அந்தப் பணம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது கம்பெனி அனுப்பிய பெண். காரியம் முடிந்து தம்பி வேலைக்கு வந்த அன்று அந்தப் பெண் அவர் அறை வாசலில் வந்து நின்றது. "கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன் சார். விடலை" என்றது. தம்பி கும்பிட்டார். அதற்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சியது கம்பெனி ஒன்றுதான். நான் கதவைத் திறக்க வரும்போதே வாசலில் நிற்பார்.

காலம் மாறியது. எங்குமே பணம் இறுகிப்போனது. எத்தனை ஊர் என்று கேட்ட அதே கண்ணாடிக்காரர், "கையில என்ன மிஞ்சுது?" என்று கேட்க ஆரம்பித்தார். இனி தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ள வந்தது. கூட இருக்கும் பெண்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொள்வார்கள், ஆனால் தம்பி விலகிவிட வேண்டும். மாட்டேன் என்றால் மாதக் கடைசியில் எல்லோருக்கும் சேர்த்துக் கதவை மூட வேண்டியதுதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வரும்போது சிரித்த முகம். உள்ளே போனால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், திறக்காத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரிந்ததே அவர் போனில் கெஞ்சியது காதில் விழுந்துதான். "நான் சம்பளமே இல்லாம ஒரு மூலையில இருந்துக்கிறேனே சார்." அதற்கும் அவர்கள் ஒப்பவில்லை. அவருக்காக வேண்டிக்கொண்டேன். என்ன கேட்டு வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் இருக்க வேண்டும் என்று கேட்டால் அந்தப் பெண்கள் பிழைப்பு போகும்.

கடைசியில், அப்பாவின் கையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை மட்டும். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

"ஆச்சுக்கா" என்றார். நாலடி போனவர் திரும்பினார்.

"காலையில பழக்கத்துல வந்து நின்னாலும் நிப்பேன். உள்ள விட்டுடாதீங்கக்கா."