டீச்சர் கோழியின் கால்

எங்கள் கோழிக்கு டீச்சர் என்று பெயர் வைத்தவள் நான்தான். மூன்றாம் வகுப்பில் எனக்கு வாய்த்த டீச்சரைப் போலவே அதுவும் கழுத்தை நீட்டி, ஓரக்கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து நடக்கும். வீட்டில் இன்னும் இரண்டு கோழிகள் இருந்தன. ஆனால் அவை வெறும் கோழிகள். டீச்சர் என் மடியில் உட்காரும், என் தட்டிலேயே சோறு தின்னும். இதெல்லாம் அம்மா பார்க்காத நேரத்தில்தான்.

நாங்கள் அப்போது சிதம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிக் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பாவிடம் மட்டும் ஒரு செல்போன் இருந்த காலம். அத்தை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தாள். காலேஜ் பிள்ளைகளின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக் கூட ஒரு எழுத்துப் பிசகாமல் படித்துவிடுவாள். எந்த வெயிலிலும் மணிக்கட்டை மூடும் சுடிதார்தான் போடுவாள். அவளுடைய துண்டு, சோப்பு, பாய் எல்லாம் தனி. அத்தைகள் என்றால் எல்லா வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் டீச்சரின் கால்கள் கெட்டுப்போயின. வழவழவென்று மஞ்சளாக இருந்தவை வெளுத்து, தடித்து, செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டன. நடை நொண்டியது. அதே சமயத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர்கள் வருவதற்கு நாலு வாரம் இருந்தது.

அம்மா முதல் வேலையாக டீச்சருக்கு நாள் குறித்தாள். “வர்றவங்க கண்ணுல இது பட்டா வேற வெனையே வேணாம். ஞாயித்துக்கெழமை கறிக்கடையில குடுத்துட்டு வந்துடுங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். கோழியின் காலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. தரையில் விழுந்து புரண்டு அழுதேன்.

அத்தைதான் குறுக்கே வந்தாள். “நாலு வாரம் இருக்குல்ல அண்ணி. அதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன்.”

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டீச்சரை ஒயர் கூடையில் வைத்து சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினாள். பின்னால் நான். டீச்சர் கூடைக்கு வெளியே தலையை நீட்டி, சிதம்பரம் முழுவதையும் ஒரு குறையும் விடாமல் மேற்பார்வை பார்த்துக்கொண்டே மாட்டாஸ்பத்திரிக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி செதிலுக்கு அடியில் குடியிருக்கிறது, மற்றக் கோழிகளுக்கும் ஒட்டும், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். “மனுசங்களுக்கு ஒட்டாதுல்ல சார்?” என்று அத்தை கேட்டாள். பயப்பட வேண்டாம் என்றார். “வீட்டுல கேப்பாங்க சார்” என்று சொல்லி இன்னொரு தடவையும் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தோட்டத்தில் வைத்தியம் நடந்தது. நான் டீச்சரைப் பழைய துண்டில் சுற்றி, கண்ணை மறைத்துப் பிடித்துக்கொள்வேன். கண் மறைந்தால் அது ஆடாது. அத்தை அதன் கால்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்து, துடைத்து, வேப்பெண்ணெய் தடவுவாள். மற்ற இரண்டுக்கும் அதே மரியாதை. கோழிகள் ஏறி உட்காரும் மூங்கில் கழியைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவசரத்தில் நான் ஒரு செதிலைப் பிய்க்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். “பிக்காதடி. பிச்சா ரத்தம் வரும், எரியும். தானா உழுவணும்.” கோழியிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தோட்டத்தில் வேறு யாரும் இல்லாததால் அவள் சுடிதாரின் கையை மடித்துவிட்டுக்கொள்வாள். அப்போதுதான் அவள் முழங்கையைப் பார்த்தேன். டீச்சரின் காலைப் போலவே வெள்ளைச் செதில்.

“உனக்கும் பூச்சியா அத்தை?”

சிரித்தாள். “எனக்குப் பூச்சி இல்ல. இது வேற. யாருக்கும் ஒட்டாது.”

மூன்றாவது வாரம் டீச்சரின் செதில்கள் உதிர்ந்து, அடியில் புது மஞ்சள் தெரிந்தது. நொண்டல் போய் பழைய அதிகாரம் திரும்பியது. அத்தையைப் போல ஒரு கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன். இன்றுவரை அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கடலூர்க்காரர்கள் வந்தார்கள். அத்தை பட்டுப்புடவைக்கும் முழுக்கை ரவிக்கை தைத்திருந்தாள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் அம்மா கை கழுவத் தோட்டத்துக்கு வந்தார். அத்தை செம்பில் தண்ணீரோடு நின்றாள். அம்மாவும் நானும் பக்கத்தில்.

“கோழிங்க காலெல்லாம் எவ்ளோ சுத்தமா இருக்கு. எங்க வூட்டுல ரெண்டு சொரி புடிச்சிக் கெடக்கு” என்றார் அந்த அம்மா.

அத்தையின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? “இதுக்கும் அப்படித்தான் இருந்துது. எங்க அத்தை முழங்கை மாதிரியே செதில் செதிலா. அத்தைதான் சரி பண்ணுச்சு” என்றேன்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. “பச்சப்புள்ள, ஏதோ ஒளறுது” என்றாள்.

“ஒளறல அண்ணி” என்றாள் அத்தை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கையின் கையை மேலே தள்ளிக் காட்டினாள். “சின்ன வயசுலேர்ந்து இருக்கும்மா. ஒட்டாது. முழுசாப் போவவும் போவாது. முன்னாடியே சொல்லிடணும்னு நெனச்சேன்.”

“அதுக்கென்னம்மா” என்றார் அவர். ஆனால் செம்பை எடுக்கவில்லை. குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டார். புறப்படும்போது, வேப்பெண்ணெயை எத்தனை நாளைக்கு ஒருதரம் தடவ வேண்டும் என்று மட்டும் கேட்டார். அத்தை பொறுமையாக எல்லாம் சொன்னாள். போய் போன் பண்ணுகிறோம் என்றார்கள்.

போன் வரவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போயிருந்தது. அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: முழங்கை சரியாகிவிட்டால் போன் வந்துவிடும். டீச்சரையே மூன்று வாரத்தில் குணப்படுத்தியவர்கள் நாங்கள். ஒருநாள் காலையில் தேங்காய் எண்ணெயும் பிரஷ்ஷுமாகப் போய் அத்தையின் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டச் சொன்னேன். அந்தக் கையை அதுவரை வீட்டில் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அவள் சுடிதாரின் கையை மேலே தள்ளிவிட்டு நீட்டினாள். “பிரஷ்ஷு வேணாம். கையாலயே தடவு” என்றாள்.

கோடை லீவு வரைக்கும் தினமும் தடவினேன். முழங்கை அப்படியேதான் இருந்தது. நான்தான் சரியாகத் தடவவில்லை போலிருக்கிறது என்று வெட்கமாகிவிட்டது. விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“விடாதடி. நல்லா கொணம் தெரியுது” என்றாள் அத்தை.

எங்கே தெரிகிறது என்று அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.