அடிக்காத மணி

லிஃப்ட் மெக்கானிக்குக் கட்டடத்தில் வைத்த பெயர் பல்லி. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை செய்வான். நிஜப் பல்லி கத்தினாலாவது நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். இவன் கத்தினால் மேனேஜர் நிமிர்வதே இல்லை.

கதவை மூடும் பட்டனின் ஒயரை அவனே எப்போதோ கழற்றிவிட்டிருந்தான். ஆளாளுக்குக் குத்திக் குத்தி மோட்டார் படுத்துவிடும். இப்போதும் குத்துகிறார்கள். கதவு தன் பாட்டுக்கு மூடுகிறது. தங்கள் விரல்தான் மூடியது என்று நிம்மதியாகப் போகிறார்கள். பல்லிக்கு அதில் ஒரு குஷி.

அன்று காலை பேனலைத் திறந்ததும் குஷி போய்விட்டது. ஆபத்து மணியின் ஒயர் அறுந்து தொங்கியது. அது அடிக்க வேண்டிய காவலாளி அறையில் மணியே இல்லை. பல்லி லீவில் இருந்தபோது பெயின்ட் அடித்தவர்கள் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை.

"தெரியும்பா," என்றார் மேனேஜர், காதைக் குடைந்தபடி. "பட்டன் இருக்குல்ல? அது இருந்தாலே ஜனங்களுக்கு ஒரு தைரியம். நீ மட்டும் என்ன, கதவு பட்டன்ல எல்லார் காதுலயும் பூ சுத்தலையா?"

பல்லிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "சார், என் பொய்யை நம்பினா விரல் வலிக்கும். உங்க பொய்யை நம்பினா மூச்சு நிக்கும்!"

சும்மா சொல்லவில்லை. ஐந்தாம் மாடித் தையல் கூடத்தில் அவன் அக்கா வேலை பார்க்கிறாள். மூடிய இடம் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும். முழங்கால் வலியோடு படியேறிக்கொண்டிருந்தவளை, "மணியை அழுத்துக்கா, ஓடி வந்துடறேன்" என்று லிஃப்டில் ஏற்றிவிட்டது அவன்தான்.

லிஃப்டின் மெயின் ஸ்விட்சை இறக்கினான். ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"மணி வர்ற வரைக்கும் ஏழாம் மாடி ரூமுக்கு நடந்தே போங்க சார். தொப்பைக்கு நல்லது."

மேனேஜர் மூன்றாம் மாடி வரை திட்டிக்கொண்டே ஏறினார். அதற்குமேல் திட்ட மூச்சில்லை. மதியத்துக்குள் ஒயரும் மணியும் வந்துவிட்டன.

சாயங்காலம் அக்கா படியிறங்கி வந்தாள். விஷயம் அதற்குள் தையல் கூடம் வரை போயிருந்தது.

"மாட்டிட்டேன்கா. நாளைக்கு லிஃப்ட்லயே போ."

"இல்லாத மணியை நம்பித்தானேடா இத்தனை நாள் போனேன்?"

"எனக்கே தெரியாதுக்கா!"

"தெரியாமயா அவ்வளவு அடிச்சுச் சொன்னே? நீ உள்ள போ. நான் வெளிய நின்னு கேக்கறேன்."

பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு போனான். இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி, மணியை அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. கீழே காவலாளி அறையில் அடிப்பது இங்கே கேட்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காதைக் கதவில் வைத்துப் பார்த்தான். மேனேஜரை வாய்க்குள்ளேயே ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மறுபடி அழுத்தினான்.

"கேக்குது, கேக்குது! காது கிழியுது, விடுடா எருமை!" கீழே லிஃப்ட் கதவிடுக்கில் வாயை வைத்து அக்கா கத்தினாள்.

அவன் விடவில்லை.