வீட்டுக்குப் பின்பக்கம் போன என்ஜினியர்

இன்று காலை என் வீட்டுக் கடனை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்!

(கெட்டுவிட்டதா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன்.)

விஷயம் தெரியாதவர்களுக்கு: குன்னூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டை ஓனர் ஹோம்ஸ்டே ஆக்கப்போகிறார். அடுத்த மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும்.

ஜெகதளா பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பேங்க்கில் லோனுக்கும் எழுதிப் போட்டாயிற்று.

லோன் வராவிட்டால் வீடும் இல்லை, அட்வான்ஸும் இல்லை.

மூன்று மாதமாக பேங்க் கேட்காத காகிதம் இல்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல், வருமான வரிக் கணக்கு...

ஒவ்வொரு முறையும் மேனேஜர் மேடம் பைலைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்க சார். ஒண்ணே ஒண்ணுதான் குறையுது" என்பார். அந்த ஒன்றைக் கொண்டுபோனால் இன்னொரு ஒன்று! (ஜெராக்ஸ் செலவு மட்டும் மிச்சம். கடை நம்முடையதாயிற்றே!)

கடைசியாகக் குறைந்தது என்ஜினியர் ரிப்போர்ட். வீட்டை நேரில் பார்த்து மதிப்புப் போட, பேங்க் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் இன்று வந்தார்.

கிளம்பும்போதே என் மனைவி சாந்தி எச்சரித்தாள்.

"ஏனுங்க, அந்தாளு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க வாய்க்கு இன்னிக்கு லீவு!"

தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

என்ஜினியருக்குச் சின்ன வயசு. ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. என் பழைய வேனில் ஏறியதுமே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாத மிஸ்ட்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பக்கமெல்லாம் காட்டுமாடு வருமுங்களா?"

நண்பர்களே, ஒரு கோயம்புத்தூர்க்காரர் குளிரில் நடுங்கிக்கொண்டு இப்படிக் கேட்டால், "வராதுங்க" என்று சொல்ல எந்த நீலகிரிக்காரனுக்காவது மனசு வருமா?

"வருமாவா? கேட்டையே முட்டித் தொறக்கும் சார்! போன வாரம் ஒரு கரடி சமையக்கட்டுல பூந்து, எண்ணெய் டின்னைக் காலி பண்ணிப்போட்டுத்தான் போச்சு."

"ஐயோ! எந்த ஊட்லங்க?"

"நாம இப்பப் போற ஊட்டுக்கு ரெண்டு ஊடு தள்ளி!"

(கரடி வந்தது நிஜம். ஆனால் வந்தது கோத்தகிரியில். அதுவும் மூன்று வருடத்துக்கு முன்பு.)

அவர் முகம் வெளுத்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கரடியாவது தொரத்துனாப் போயிருமுங்க. மழைக்காலத்துல மண்ணு எறங்குச்சுன்னா யாரத் தொரத்தறது? படுக்கறப்ப ஊடு மேல இருக்கும், காலைல பாத்தாக் கீழ் ரோட்டுல நிக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் மடியைக் கவனித்தேன். என் போட்டோ ஒட்டிய பைல். கையில் பேனா. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்!



"சார்... நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனுங்க."

"எதுங்கண்ணா வெளையாட்டு? கரடியா, மண்ணா?"

"ரெண்டுந்தானுங்க!"

மனிதர் சிரிக்கவே இல்லை.

வீடு வந்ததும் ஹால் ஜன்னலைத் திறந்துவைத்து, "மிஸ்ட் வெலகுச்சுன்னா எஸ்டேட் பூராவும் தெரியுங்க சார்!" என்று ஆரம்பித்தேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

பின்பக்கம்!

இந்த வீட்டை நான்கு முறை வந்து பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் அந்த ஜன்னலோடு சரி. பின்னால் போனதே இல்லை.

அங்கே மேட்டு மண்ணைத் தாங்கிக்கொண்டு ஒரு தடுப்புச் சுவர், என் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஓரமாக ஒரு நீளமான தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

என்ஜினியர் தகரத்தை நகர்த்தினார்.

மேலிருந்து கீழ்வரை விரிசல். விரலை உள்ளே விட்டார். பாதி விரல் போனது. வெளியே எடுத்தபோது விரலில் ஈர மண்.

"தண்ணி வெளிய வர்றதுக்கு ஓட்டையே வெக்கலீங்க. மழைத்தண்ணி பூரா பின்னாடி நின்னு தள்ளுது. பாருங்க, நடுவுல செவுரு வயிறு தள்ளியிருக்கு."

"சார், நான் வேன்ல சொன்னத மனசுல வெச்சுக்கிட்டு..."

"அண்ணா, கரடிக்கெல்லாம் ரிப்போர்ட்ல எடம் இல்லீங்க. இதுக்கு இருக்குது."

"அப்ப லோன் வராதுங்களா?"

"அத பேங்க்லதான் சொல்லோணும். செவுத்தக் கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க, அப்படியே ஓகே பண்ணுனாலும் பண்ணிருவாங்க."

டேப்பைச் சுருட்டியபடி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்ரூம் எந்தப் பக்கமுங்க?"

நான் கையைக் காட்டினேன். சுவருக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் சந்துதான்.

அவர் டேப்பை மறுபடி விரித்து, அந்தச் சந்தை அளந்து எழுதிக்கொண்டார்.

வீட்டை விற்பவருக்கு போன் போட்டேன். "அது ரொம்ப வருசமா அப்படியேதானுங்க இருக்குது! இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியே!" என்றார். (அப்படியானால் தகரம் எதற்கு? கேட்க நினைத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.)

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கரடிக் கதைக்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தேன். கரடியை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"பேங்க்காரங்க அவங்க பணத்துக்குப் பயந்துக்கிட்டு ஆளனுப்பி வெரல உட்டுப் பாக்கறாங்க. நாம புள்ளைங்களோட படுக்கப்போற ஊடு. நாலு தடவ போயி நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

ஜன்னலைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நாளை மறுநாள் மேனேஜர் மேடம் போன் செய்வார். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது வேறு பயம். ஓகே என்று சொல்லிவிட்டால்?

சொன்னால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வெளியே மழை பிடித்துவிட்டது. நீங்களாக இருந்தால் எந்தப் பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வீர்கள்?