பறக்காத வண்டும் ஆறு மணிக் கேட்டும்

விலங்கியல் பட்டம் வாங்க வேண்டுமானால் பூச்சிகளைப் பிடித்துக் குத்தி அடுக்கிய பெட்டி ஒன்றைத் தேர்வுக்கு வைத்தாக வேண்டும். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் அதற்குத் தனி மதிப்பெண். அது இல்லாமல் எனக்கு முதல் வகுப்பு வராது. தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் அப்பா, "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குனா மேல படி, இல்லன்னா கல்யாணம்" என்று முடிவாகச் சொல்லியிருந்தார்.

பெட்டியில் இரவுப் பூச்சி ஒன்று கட்டாயம். விடுதிக் கேட்டோ ஆறு மணிக்குப் பூட்டு. இந்த இரண்டையும் எந்த மூளை சேர்த்து வைத்ததோ! விரிவுரையாளர் அம்மாவிடம் கேட்டால் சிரித்தார். "அண்ணன் தம்பி யாராவது செம்மணல் தேரிக்காட்டுல பிடிச்சுத் தருவான், வாங்கி வைங்க புள்ளைகளா." எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். பூச்சிக்குக் கீழே ஒட்டும் அட்டையில், பிடித்த நேரம் 'மாலை' என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பால்மாவு டின் ஒன்றை விடுதித் தோட்டத்து மணலில் வாய்வரை புதைத்து, உள்ளே கருவாட்டுத் தலை போட்டேன். முதலில் பூனைக்குத்தான் விருந்து. பிறகு கல் முட்டுக்கொடுத்து மேலே ஓடு வைத்தேன். ஒரு காலை, கட்டைவிரல் நீளத்தில் கன்னங்கரேலென்று, முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு அது டின்னுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புலிவண்டுக்குச் சொந்தக்கார வண்டு. பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இருட்டினால் வேட்டைக்குக் கிளம்பும். பறக்காது, அதனால் மேலே வர வழியில்லை. எடுத்தபோது அமிலம் பீய்ச்சி விரலைப் பொசுக்கியது. அட்டையில் எழுதினேன்: 'விடுதித் தோட்டம், இரவு, நானே பிடித்தது.'

செய்முறைத் தேர்வுக்குப் பெட்டிகளைப் பார்க்க வந்த தேர்வாளர் வெளியூர்க்காரர். எனக்கு முன்னால் நின்றவள் "அண்ணன் பிடிச்சது சார்" என்றதும் தலையாட்டி மார்க் போட்டார். என் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏம்மா, ராத்திரி வெளிய உனக்கு என்ன சோலி?"

"நான் வெளிய போவல சார். டின் வச்சேன், அதுவா வந்து விழுந்துச்சு. கேட்டைப் பூட்டுனது எங்களுக்குத்தான, அதுக்கு இல்லியே."

"வாய் ரொம்ப நீளுது. மத்த பிள்ளைக மாதிரி 'மாலை'ன்னு மாத்தி எழுது, மார்க் போடுதேன்."

"சாயங்காலம் அது வராது சார்."

பெட்டியைப் படாரென்று மூடினார்.

பெட்டிக்கு எனக்கு முட்டை மார்க். முதல் வகுப்பு போனது, அந்த வருஷமே கல்யாணமும் ஆனது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. நானே பிடித்தேன் என்பதைவிட எவனோ பிடித்துத் தந்தான் என்பதுதான் அந்த மனுஷனுக்கு மரியாதையாகப் பட்டிருக்கிறது.