பதில் டீச்சரின் குடை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு குடை தொங்குகிறது. காப்பிப்பொடி நிறம், அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. இரண்டாக மடங்குகிற பொம்பளைக் குடை. ஒரு கம்பி முனையில் துணி விட்டுப்போய் கறுப்பு நூலால் தைத்திருக்கும். அந்தத் தையல் என் கைத் தையல் இல்லை. போன வாரம் மழை பிடித்துக்கொண்டபோது பக்கத்து வீட்டுக்காரி உள்ளே ஓடி வந்து அதன் மேல் கை வைத்தாள். "அத்தத் தொடாதே" என்றேன். "இன்னாக்கா நீ, ரேஷன் கடைக்குப் போயிட்டு தோ வந்து குடுத்துடப் போறேன். ஒரு குடைக்கு இம்மாம் பிகு பண்றியே" என்றாள். "அது என்னுது இல்லம்மா." "உன்னுது இல்லன்னா உன் வூட்ல எதுக்குத் தொங்குது?" அதற்கு ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி போனாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுத எனக்கு நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயாவாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆயா என்பது வயசு இல்லை, வேலை. சேர்ந்த முதல் நாளே, தலையில் ஒரு நரை இல்லாத என்னை எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டார்கள். கூட்டுவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவேன். ஆனால் மணி என் பொறுப்பு. வேப்ப மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கும். அதை இரும்புக் கம்பியால் நான் அடித்தால்தான் பள்ளிக்கூடம் தொடங்கும், நான் அடித்தால்தான் விடும். தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவரே என் மணியைக் கேட்டுத்தான் கைக்கடிகாரத்தைத் திருகுவார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைதான், அதில் என்ன.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். அவர் இடத்துக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பதைத் தொடுகிற வயசு, ஒல்லி, எப்போதும் காலை நேரத்திலேயே சாயங்காலம் போல ஒரு களைப்பு முகத்தில். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. விடியுமுன்னே எழுந்து சமைத்து வைத்து, செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ், பஸ்சில் பாதி நாள் நின்றுகொண்டே. டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவள். அந்தக் காத்திருப்பில் இந்தப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், அந்தப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் என்று யாருடைய லீவிலாவது வேலை பார்த்து வந்திருந்தாள்.

"மூணாங்கிளாசுக்குப் பதிலுக்கு வந்த டீச்சர்" என்று முதல் நாள் நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். பிள்ளைகள் வாயில் அது 'பதில் டீச்சர்' ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் எங்கள் எல்லோருக்கும் அவள் பதில் டீச்சர்தான். அந்த வகுப்பில் மீன்காரர் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், கேள்வி கேட்டே ஆளைத் தின்றுவிடுகிறவள். அவள் ஒருநாள் எனக்கே விளக்கம் சொன்னாள். "ஆயா, மத்த டீச்சருங்க கேள்வி கேப்பாங்க. இவுங்க நாம கேட்டா பதில் சொல்வாங்க. அத்தான் பதில் டீச்சர்." நான் திருத்தவில்லை. எனக்கும் அந்த அர்த்தம்தான் நன்றாக இருந்தது. போய்ப் பதில் டீச்சரிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து பல் தெரிய அவள் சிரித்தது அப்போதுதான்.

டீச்சர்கள் பை மாட்ட பெரிய டீச்சர் அறையில் ஒரு பலகை இருந்தது, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆணி. எழுதி வைக்காவிட்டாலும் யார் ஆணியில் யாரும் மாட்ட மாட்டார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரின் ஆணி அவர் லீவில் போனதிலிருந்து வெறுமனே இருந்தது. பதில் டீச்சர் அதைத் தொடவே இல்லை. தோள்பையைத் தோளில் போட்டபடியே போர்டில் எழுதுவாள். உட்கார்ந்தால் பை மடியில், குடை பையின் மேல். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரியே நாள் பூராவும் இருப்பாள். "அதுல மாட்டுங்களேன் டீச்சரம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க ஆணி ஆயாம்மா" என்றாள். சாயங்காலம் ஆனால் பெரிய டீச்சர் அறை வாசலில் போய் நின்று ஒரே கேள்வி கேட்பாள். "நாளைக்கு வரட்டுங்களா மேடம்?" வருவாள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாள். மற்ற இடங்களில் கேட்காமல் போய் வாசலோடு திரும்பியிருக்கிறாள் போலிருக்கிறது.

நான் சொல்ல வந்த நாள் மாசி மகம். அன்றைக்கு லீவு கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் பாதி ஜனம் கடற்கரையில் இருக்கும், எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்து மணலில் துணிக் கூடாரம் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் எங்கே பள்ளிக்கூடம் வரும்? மூன்றாம் வகுப்பில் ஒரு பெஞ்சு நிறையக்கூட ஆள் இல்லை. பெரிய டீச்சர் காலையிலேயே செங்கல்பட்டுக் கல்வி ஆபீசுக்குக் கிளம்பினார். மூன்றாம் வகுப்பு டீச்சரின் லீவு அன்றோடு முடிகிறது. அவர் வீட்டுக்காரருக்கு வேறு ஊர் மாற்றல் என்றும், அவர் திரும்ப வரமாட்டார் என்றும் ஒரு பேச்சு இருந்தது. வராவிட்டால் அந்த இடம் பதில் டீச்சருக்கே. கிளம்பும்போது பெரிய டீச்சர், "ஆபீஸ்ல கேட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்லிடறேம்மா" என்று அவளிடம் சொன்னதை நான் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை, சாயங்காலம் வரை.

ஒன்றும் நடக்காத நாளைப் போல ஆளை அயர வைப்பது வேறு எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் சிற்பப் பட்டறையில் உளிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மற்ற நாளில் பிள்ளைகள் கத்தலில் அது காதில் விழாது. அன்றைக்கு ஒவ்வொரு அடியும் விழுந்தது. கரண்ட் போய் விசிறி நின்றுவிட்டது. புதுப் பாடம் நடத்தினால் வராத பிள்ளைகளுக்கு மறுபடி நடத்த வேண்டும். அதனால் வந்ததுகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள், பிறகு படம் வரையச் சொன்னாள், பிறகு வரைந்ததையே வண்ணம் அடிக்கச் சொன்னாள். நான் தாழ்வாரத்தைக் கூட்டி முடித்து, கூட்டின இடத்தையே இன்னொரு தரம் கூட்டினேன். ரோட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அவள் ஜன்னல் பக்கம் திரும்புவாள். நானும் திரும்புவேன். வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், கடலுக்குப் போகிற குடும்பம் இறங்கும். பெரிய டீச்சர் இறங்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் பிள்ளைகள் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிவிட்டன. அவள் பெரிய டீச்சர் அறையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், மடியில் பையும் குடையும். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அவள் மேல் எரிச்சல் இல்லை, அந்தப் பையின் மேல். பழைய காலண்டர் ஆணி ஒன்றை எடுத்துவந்து பலகையின் ஓரத்தில் வைத்து, மணி அடிக்கிற கம்பியால் நாலு போடு போட்டேன்.

"ஐயோ ஆயாம்மா, இன்னா செய்றீங்க? பெரிய டீச்சர் கேட்டா?"

"கேட்டா நான் பதில் சொல்றேன். உங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லத் தெரியுமா? மாட்டுங்க."

"இன்னைக்கு ஒருநாளைக்கு எதுக்கு..."

"ஒருநாளோ ஒம்போது வருஷமோ, தோளுக்கு வலின்னா வலிதான?"

அவள் ரொம்ப நேரம் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து குடையை மட்டும் மாட்டினாள். பையை மாட்டவில்லை. திரும்ப உட்கார்ந்து, "எத்தனையோ ஸ்கூல் பாத்துட்டேன். எனக்குன்னு ஒரு ஆணி யாரும் அடிச்சதில்ல" என்றாள். குரலில் அழுகை எல்லாம் இல்லை. பஸ் லேட்டு என்று சொல்வது போலச் சொன்னாள். நான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

பிள்ளைகள் எழுந்தன. அந்தக் கேள்விக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டே தொடங்கிவிட்டாள். "டீச்சர், மகத்துக்கு எல்லாரும் கடல்ல முழுவறாங்களே. எங்கம்மா சொல்து, பாவம்லாம் கடல்ல போயிடுமாம். அப்பொ அதெல்லாம் போயி எங்க டீச்சர் சேர்ந்துகினு கீது? மீனு துன்னுடுமா?" மற்றதுகள் கெக்கெக்கே என்று சிரித்தன. "அந்த மீனத்தான் நீ துன்ற" என்றது ஒன்று. பதில் டீச்சரும் சிரித்தாள். கொஞ்சம் யோசித்தாள். "நல்ல கேள்வி கேட்டியே. எனக்கே தெரியல. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். நாளைக்கு என்று வாயில் வந்துவிட்டதே என்று அவள் முகத்தில் ஓடியதை வாசல்படியில் நின்ற நான் பார்த்தேன். பிள்ளைகள் பார்க்கவில்லை. அதுகளுக்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான்.

மணி அடிக்கும் நேரம் வந்தது. பெரிய டீச்சர் இன்னும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி அடித்தால் அதற்குள் வந்துவிடுவாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் என் காலத்தில் நான் மணியை முன்னேயும் அடித்ததில்லை, பின்னேயும் அடித்ததில்லை. அன்றைக்கும் நேரத்துக்கே அடித்தேன். பிள்ளைகள் கடலுக்கு ஓடின. மற்ற டீச்சர்கள் அவரவர் ஆணியிலிருந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் வாசலில் நின்றாள். அந்தப் பஸ்சை விட்டால் செங்கல்பட்டில் ரயில் தவறும், வீட்டுக்குப் போக ராத்திரியாகிவிடும். அவள் வீட்டில் போன் கிடையாது, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. கேட்க வேறு ஆள் இல்லாமல் என்னைக் கேட்டாள்.

"ஆயாம்மா, நாளைக்கு வரட்டுமா?"

என்னைப் போய் அப்படிக் கேட்ட டீச்சர் அவள் ஒருத்திதான். கூட்டுகிறவள் வா என்றால் வேலை கிடைத்துவிடுமா, வராதே என்றால் போய்விடுமா? வாய்க்கு வந்ததைச் சொல்லி அவ்வளவு தூரம் அலையவிடவும் மனசில்லை. அதனால் வேறு மாதிரி சொன்னேன். "கொடைய எடுக்காதீங்க. அங்கயே தொங்கட்டும். கொடைய எடுக்க ஒருத்தி வந்தா, எதுக்கு வந்தேன்னு யாராவது கேக்க முடியுமா?" அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே திரும்பிப் பலகையைப் பார்த்தாள். வெயில் இன்னும் சாயவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். பஸ் வந்தது. போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கியது மூன்றாம் வகுப்பு டீச்சர். உடம்பு பூசினாற்போல் இருந்தார், கையில் ஸ்வீட் பாக்கெட். மாற்றல் பேச்சு வெறும் பேச்சாகப் போய்விட்டதாம். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் பஸ் வந்தது, போனது. பிறகு பெரிய டீச்சர் சொன்னார். "நேத்து திரும்பறப்ப செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுலயே அவங்களைப் பாத்துட்டேன். நல்ல வேளை. இனிமே வர வேணாம்னு அங்கயே சொல்லிட்டேன். இல்லன்னா பாவம், இன்னைக்கு வீணா அலைஞ்சிருப்பாங்க."

"கொட கீதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றேன்.

"குடையா? ஒண்ணும் சொல்லலியே. சரிங்க மேடம்னாங்க. போயிட்டாங்க."

குடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பேன். நானே ரயிலேறிப் போய்க்கூடக் கொடுத்திருப்பேன். அவள் சொல்லவில்லை. மறந்தாள் என்று நான் நம்பவில்லை. அந்தப் பஸ் ஸ்டாண்டில், வெயிலில், தலைப்பைப் போட்டுக்கொண்டு நின்றவளுக்குக் குடை எப்படி மறக்கும்?

அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் கேள்விக்காரி எழுந்து நின்றாள். "டீச்சர், பதில் டீச்சர் எங்க?" மூன்றாம் வகுப்பு டீச்சர் நல்லவர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான்தான் வந்துட்டேனே, இனிமே பதில் எதுக்கு?" பிள்ளைகள் சிரித்தன. அவள் மட்டும் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். மீன் கேள்வியை அவள் பிறகு யாரிடமும் கேட்டு நான் கேட்கவில்லை.

குடை அந்த ஆணியிலேயே தொங்கியது. வெள்ளையடிக்கிற வருஷம் எடுத்து வைத்து, காய்ந்ததும் திரும்ப மாட்டினேன். பெரிய டீச்சர் மாறி வேறு பெரிய டீச்சர் வந்தார். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அறைக்கு டைல்ஸ் போட்டார்கள், பலகையைக் கழற்றி இரும்பு பீரோ வைத்தார்கள். கழற்றிய பலகையிலிருந்து அந்த ஓரத்து ஆணியை மட்டும் நான் கொறடு வைத்து இழுத்து எடுத்துக்கொண்டேன். வேலையிலிருந்து நின்றபோது மாலை போட்டார்கள், புடவை கொடுத்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் எனக்கு முக்கியம் அந்தக் குடையும் ஆணியும்தான். இப்போது மரத்தில் மணி இல்லை என்கிறார்கள், கரண்டில் தானாக அடிக்கிறதாம். லீவு டீச்சருக்குப் பதிலாக இப்போதும் யாராவது வந்து போவார்கள். அவர்கள் பையை எங்கே வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு, கொஞ்ச நேரத்தில் எனக்கும் கடைக்குப் போக வேண்டியிருந்தது. மழை விடவில்லை. கதவைச் சாத்தும்போது குடை லேசாக ஆடியது, ஆணி ஆடவில்லை. நல்ல ஆணி. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தெருக்கோடியில் அவள் சாக்கோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "கொடைய வூட்ல வச்சிக்கினு நனைஞ்சிகினு போறியே, பைத்தியமாக்கா நீ?"

"அவுங்க வந்து கேட்டா குடுக்கணும்ல" என்றேன். நடந்தேன்.